மாப்பிள்ளை அழைப்பில் கொதிக்காமல் இருக்க: ஏசி போட்ட பழைய அமெரிக்க வி8 கார்களின் ஹீட் பிரச்சினை

எங்கள் காரைக்குடிப் பக்கம் பழைய அமெரிக்கக் கார் வைத்திருந்தால் ஒரு கடமை கூடவே வரும். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கேட்டு ஆள் வந்துவிடுவார்கள், சொந்தபந்தம் என்பதால் மறுக்கவும் முடியாது. முன்னால் நாதஸ்வரம், தவில், அதற்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் கார், உள்ளே பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியை முழுசாக வைக்கச் சொல்வார்கள். பிள்ளையார் கோயிலில் இருந்து கல்யாண வீடு வரை ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனால் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். சித்திரை, வைகாசி என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கும் தெருவில் அனல் அடிக்கும். எட்டு சிலிண்டர் உள்ள ஒரு வி8 இஞ்சினுக்கு இதைவிடக் கடினமான ஓட்டம் கிடையாது, காரைக்குடியில் இருந்து மதுரைக்கு ஒரே மூச்சில் ஓட்டுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

என்னிடம் இருப்பது 1967 இம்பாலா, 327 கன அங்குல இஞ்சின், பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கம்பெனியே போட்ட ஏசி. சில வருஷத்துக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு அழைப்பில் பாதித் தெருவிலேயே கொதித்துவிட்டது. ஹீட் மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்து நான் ஏசியை நிறுத்தப் போக, பின்னால் இருந்த மாப்பிள்ளையின் மாமா, "தம்பி, ஏசியை மட்டும் நிப்பாட்டிடாதீங்க, மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது" என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த நூறடியில் பானட்டுக்கு அடியில் இருந்து ஆவி. மாப்பிள்ளை இறங்கி நடந்துதான் போனார். அன்றைக்குப் பட்ட வருத்தத்தில்தான் இந்த விஷயத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன், அதற்கு இரண்டு கோடைகாலம் ஆனது. மஸ்டாங், கமாரோ, செவல், ஜிடிஓ, சார்ஜர் என்று எது வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான், அங்கங்கே மாறுவதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஒன்று. ஹீட் ஆகிறது என்று சொன்னதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் பெரிய ரேடியேட்டர் போடு என்பதுதான். நானும் போட்டேன், காசு போனது, சூடு போகவில்லை. ஏசி போட்ட வண்டி மெதுவாகப் போகும்போது சூடானால், பத்துக்கு எட்டு வண்டியில் குறை தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று வேண்டும், அதுவும் குளிர்ந்த காற்று வேண்டும். ஏசி என்ன செய்கிறது? காருக்குள் இருந்து எடுத்த சூட்டையும் கம்ப்ரசர் அமுக்கியதால் வந்த சூட்டையும் சேர்த்து ரேடியேட்டருக்கு முன்னாலேயே கண்டென்சர் வழியாகக் கொட்டுகிறது. வெளியே 39 டிகிரி இருந்த ஒரு நாள், வண்டியை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் ஓடவிட்டு, கண்டென்சரைத் தாண்டி ரேடியேட்டருக்குள் நுழைகிற இடத்தில் காற்றை அளந்தேன், 56 டிகிரி. அந்தக் காற்றை வைத்துத்தான் ரேடியேட்டர் 90 டிகிரித் தண்ணீரைக் குளிர வைக்க வேண்டும். போதாக்குறைக்குக் கம்ப்ரசரை இழுக்கும் சுமையும் இஞ்சின் தலையில்.

எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரம் கவனியுங்கள். திருமயம் ரோட்டில் 60, 70-இல் போகும்போது முள் சாதுவாக இருந்து, ஊருக்குள் நுழைந்ததும் ஏறினால் காற்றுப் பிரச்சினை. ரோட்டில் வேகம் கூடக்கூட ஏறினால் தண்ணீர் ஓட்டம், அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற கீழ் ஹோஸ், தீப்பொறி பற்றும் நேரமான டைமிங் இவற்றில் ஒன்று. ஏசி இல்லாதபோது எங்கேயும் ஏறாமல், ஏசி போட்டதும் ஏறினால் கண்டென்சர் பக்கம் போங்கள். எப்போதும் எங்கேயும் ஏறினால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கெட் வரை பார்க்க வேண்டியிருக்கும்.

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். ஐம்பது வருஷத்துக்கு மேலான சென்சர், அதுவும் ஃபோர்டு கார்களில் மீட்டர்களுக்கு என்று தனியாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும், அது கெட்டால் பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். தொடாமலே காட்டிச் சூட்டை அளக்கும் தெர்மோமீட்டர் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அதைவிட உபயோகமான சாமான் கிடையாது. பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், அதனால் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியின் மேலும் ரேடியேட்டரின் மேல் கீழ் வாய்களிலும் சின்னதாகக் கருப்பு டேப் ஒட்டிவிட்டு அங்கே அளங்கள்.

அமெரிக்கக் கார் என்பதால் எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. 180 என்றால் நம்முடைய 82, 195 என்றால் 91, 220 என்றால் 104. இந்த இஞ்சின்கள் 180-இல் இருந்து 210 வரை ஓடுவது இயல்பு. ஏசி போட்டு ஊர்வலத்தில் 220-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் பயப்பட வேண்டாம், ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் கொதிக்காது. 230-ஐத் தாண்டினால் மாமா என்ன சொன்னாலும் ஏசியை நிறுத்திவிடுங்கள்.

ஸ்லோவில் ஓடும்போது மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் வித்தியாசம் 5 டிகிரி செல்சியஸ்தான், இரண்டுமே சூடு என்றால், தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்று சூட்டை எடுக்கவில்லை. வித்தியாசம் 20-க்கு மேல் இருந்தும் இஞ்சின் கொதிக்கிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் முகத்தில் அங்குலம் அங்குலமாகக் கன்னைக் காட்டிக்கொண்டே போங்கள், நடுவே எங்காவது திடீரென்று குளிர்ந்த திட்டு வந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

காற்றின் வழி

இதுதான் நான் அதிக நேரம் செலவழித்த இடம், உங்களையும் செலவழிக்கச் சொல்வேன்.

வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, முன்னால் போய் ஒரு நோட்டுத் தாளைக் கண்டென்சர் மேல் வையுங்கள். அது தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டி மூலைகளில் விழுந்தால் ஃபேன் தனக்கு நேராக இருக்கும் வட்டத்தை மட்டும்தான் இழுக்கிறது, மூலைகள் சும்மா கிடக்கின்றன. எங்குமே ஒட்டவில்லை என்றால் ஃபேனே போதவில்லை. அப்புறம் ஊதுபத்தி இரண்டைக் கொளுத்திக்கொண்டு ரேடியேட்டர் ஓரங்களில், மேல் பட்டைக்கு மேலே, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில், கீழே பம்பருக்குப் பின்னால் என்று மெதுவாகக் காட்டுங்கள். புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். என் வண்டியில் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. கிரில் வழியாக வரவேண்டிய காற்றில் பாதி பக்கவாட்டு இடுக்குகளில் நழுவிக்கொண்டிருந்தது, அதைவிடக் கொடுமை, ரேடியேட்டரைத் தாண்டி இஞ்சின் பக்கம் போன சூடான காற்று மேல் இடுக்கு வழியாகவும் அடிப்பக்கமாகவும் சுற்றிக்கொண்டு திரும்ப முன்னால் வந்து மறுபடியும் கண்டென்சருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நின்ற இடத்தில் ஓடும்போது ஏசி வண்டி சூடாவதற்கு இந்தச் சுற்றுதான் பெரிய காரணம். ஓடும்போது எதிர்க்காற்று இதைத் தள்ளிவிடும், நின்றால் தள்ள ஆள் இல்லை.

கம்பெனியில் இருந்து வந்தபோது இந்த இடுக்குகளில் எல்லாம் ரப்பர் பட்டையும் ஃபோமும் இருந்தன. ஐம்பது அறுபது வருஷத்தில் உதிர்ந்து போயிருக்கும், பெயிண்ட் அடித்தவர்கள் கழற்றிப் போட்டிருப்பார்கள், அப்படி ஒன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. லாரி டியூப் ரப்பரை அளவாக வெட்டி, தகரப் பட்டையால் கிளிப் அடித்து, ரேடியேட்டர் சட்டத்துக்கும் பானட்டுக்கும் நடுவே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாலு ஓரமும் ஃபோம் பட்டை ஒட்டி ஒரு பெட்டி மாதிரி மூடிவிடுங்கள், உள்ளே வருகிற காற்றுக்கு இரண்டையும் கடந்து போவதைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது. கீழே, ரேடியேட்டருக்கு அடியில், ஒரு குறுக்குத் தட்டு தொங்க வேண்டும். காற்றை அடியில் இருந்து எடுக்கும் வண்டிகளில் அந்தத் தட்டு இல்லாமல் ரோட்டிலும் சூடாகும். இந்த வேலை முழுவதும் எனக்கு ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை, சூடு இறங்கியதில் பாதிக்கு மேல் இதனால்தான்.

அடுத்தது ஃபேன் கூண்டு, மெக்கானிக்குகள் ஷ்ரவுடு என்பார்கள். ஏசி வண்டிக்கு அது இல்லாமல் எதுவும் நடக்காது. என் வண்டியில் எந்தக் காலத்திலோ யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள், பெல்ட் மாற்ற இடைஞ்சலாக இருந்திருக்கும். ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூடி, பின்னால் வட்ட வாயாக முடிய வேண்டும், ஃபேன் இறக்கைகள் அந்த வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போனால் காற்றைச் சுற்றிச் சுற்றிக் கிண்டிக்கொண்டிருக்கும், முழுக்க வெளியே நின்றால் இழுக்காது. இறக்கை நுனிக்கும் வாய்க்கும் நடுவே ஓர் அங்குலம் விடுங்கள், அதைவிட நெருக்கினால் இஞ்சின் மவுண்ட் ஆடும்போது உரசும். வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வசதி இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் நல்ல தகர வேலை தெரிந்த பட்டறையில் அட்டையில் மாதிரி வெட்டிக் கொடுத்து அடித்துக்கொள்ளலாம். என்னுடையது அப்படி அடித்ததுதான், இன்னும் ஒரு சத்தம் கிடையாது.

ஃபேனில் கிளட்ச் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். உள்ளே சிலிக்கான் எண்ணெய் இருக்கும், முன்னால் சுருள் ஸ்பிரிங் ஒன்று சூட்டை உணர்ந்து அதை உள்ளே விடும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேனைக் கையால் சுண்டிவிட்டால் பிடித்துப் பிடித்துச் சுற்றி நிற்க வேண்டும், நாலைந்து சுற்று தாராளமாகப் போனால் கிளட்ச் முடிந்துவிட்டது. நடுவில் இருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கோடு தெரிந்தாலும் அப்படியே. ஏசி வண்டிகளுக்குக் கம்பெனி ஏழு இறக்கை ஃபேனைப் போட்டது, உங்களுடையதில் நாலு இறக்கை மட்டும் இருந்தால் அது ஏசி இல்லாத வண்டியில் இருந்து வந்தது. அதேபோல வாட்டர் பம்ப் புல்லியும், ஏசி வண்டியில் பம்பும் ஃபேனும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி புல்லி அளவே வேறாக இருக்கும். பிற்பாடு ஏசி ஏற்றிய வண்டிகளில் பழைய புல்லியையே விட்டுவிடுவார்கள், அதையும் பாருங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ரோட்டு ஓட்டத்துக்கு நல்ல கிளட்ச் ஃபேனும் கூண்டும் போதும், அதுதான் என் விருப்பம். ஆனால் ஊர்வலத்தில் இஞ்சின் 600, 700 சுற்றில் நின்றுகொண்டே இருக்கும்போது பெல்ட்டில் ஓடும் ஃபேனும் சோம்பலாகத்தான் சுற்றும், எலக்ட்ரிக் ஃபேனுக்கு அந்தக் கவலை கிடையாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போடுவதாக இருந்தால் கூண்டோடு சேர்ந்த இரட்டை ஃபேனாக, இஞ்சின் பக்கம் இருந்து இழுக்கிற மாதிரி போடுங்கள், தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர். நல்ல இரட்டை ஃபேன் 25, 30 ஆம்பியர் கேட்கும். அந்தக் காலத்துச் சின்ன ஆல்டர்னேட்டர் ஸ்லோவில் அதைத் தராது, ஹெட்லைட்டும் ஏசி ப்ளோயரும் சேர்ந்தால் பேட்டரி இறங்கி நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும். ஆல்டர்னேட்டரை மாற்றாமல் இதில் இறங்க வேண்டாம்.

செம்மண்ணை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் புழுதி கண்டென்சரைத் தாண்டி அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய்ப் படியும், பூச்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு சாக்கு மாதிரி ஆகிவிடும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது. ரேடியேட்டரைக் கழற்றிப் பாருங்கள், எனக்கு ஒரு கைமுறம் அளவு செம்மண்ணும் சருகும் வந்தன. கழுவும்போது இஞ்சின் பக்கத்தில் இருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கி வேறு அடைப்பு வந்துவிடும்.

ஏசி பக்கம்

பழைய வண்டிகள் ஆர்12 வாயுவுக்குக் கட்டியவை. நம் நாட்டில் 2010-உடன் அதன் தயாரிப்பே முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் ஆர்134ஏ. அதே பழைய கண்டென்சரில் இதை ஏற்றினால் அழுத்தம் கூடும், சூடும் கூடும். அளவும் முக்கியம், ஆர்12 எவ்வளவு பிடித்ததோ அதில் 80, 85 சதவீதம்தான் இதை ஏற்ற வேண்டும். கூலிங் பற்றவில்லை என்று கூடக்கூட ஏற்றிவிடுகிறார்கள், கூலிங் இன்னும் குறையும், இஞ்சினும் சூடாகும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது ஏசி வாயுவின் அழுத்தம் கூடிய பக்கத்தைக் காட்டும் ஹை சைடு மீட்டர் 220-இல் இருந்து 250 பிஎஸ்ஐ வரை இருந்தால் சரி. 300-ஐத் தாண்டினால், ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றிப் பாருங்கள். மீட்டர் சடாரென்று இறங்கினால் கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், மேலே சொன்ன வேலைகள் இன்னும் மீதி இருக்கின்றன. எல்லாம் செய்தும் அப்படியே இருந்தால் வாயு பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சருக்கு மாறுங்கள், அதே இடத்தில் அதிகச் சூட்டை வெளியே தள்ளும். 1965, 66 மஸ்டாங்குகளில் ரேடியேட்டரே சின்னது, ஏசியும் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டது, அவற்றுக்கு இந்தக் கண்டென்சரும் தடித்த ரேடியேட்டரும் சேர்த்தே வேண்டும். டாட்ஜ், பிளைமவுத் வைத்திருப்பவர்கள் உங்கள் ரேடியேட்டர் கோர் 22 அங்குலமா 26 அங்குலமா என்று அளந்து பாருங்கள், ஏசிக்கு 26 அங்குலம்தான் தோது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் ரேடியேட்டரின் தொட்டிக்குள்தான் ஆறுகிறது என்பதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. தனி கூலர் போடலாம், நல்லதுதான், ஆனால் அதையும் கண்டென்சருக்கு முன்னால் நடுவில் கட்டிக் காற்றை மறைக்காதீர்கள், ஓரமாக ஓர் இடம் பாருங்கள்.

தண்ணீர்

அப்பச்சி காலத்தில் எங்கள் வீட்டுக் காருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றியதே இல்லை, வீட்டு உள்முற்றமான வளவில் இறங்கும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து அப்பத்தா எடுத்து வைத்திருப்பார்கள், சமையலுக்குப் போக ஒரு குடம் காருக்கு. காரணம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை, வழக்கமாக இருந்தது. உப்புத் தண்ணீர் சூடாகும்போது இஞ்சின் பிளாக்குக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களிலும் சுண்ணாம்பு மாதிரிப் படியும், ஒரு மில்லிமீட்டர் படிவு போதும், சூடு கடத்துவது அப்படிக் குறையும். இன்றைக்கு டிஸ்டில்டு வாட்டர் கேன் எல்லா பேட்டரி கடையிலும் கிடைக்கிறது, அதையே ஊற்றுங்கள். நமக்குப் பனி உறையும் கவலை இல்லாததால் கூலன்ட் பாதிக்குப் பாதி வேண்டாம், முப்பது பங்கு கூலன்ட், எழுபது பங்கு தண்ணீர் போதும். வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிட நன்றாகச் சூட்டைச் சுமக்கும், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. அலுமினிய ரேடியேட்டர் போட்டவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ரேடியேட்டர், செப்பு ஹீட்டர் கோர் மூன்றும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் ஒரு பேட்டரி செல் மாதிரிதான், அலுமினியம் கரைந்துகொண்டே போகும். உலோக அரிப்பு உட்பட மின்வேதியியலை ஆராயும் சிக்ரி ஆய்வகம் காரைக்குடியில் 1953-இல் இருந்து இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களாகிய நாமே இதைக் கவனிக்காமல் விடலாமா.

பழைய பிளாக் என்றால் பக்கவாட்டு டிரெயின் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்தும் தண்ணீர் வராமல் சேறுதான் அடைத்து நிற்கும், கம்பி விட்டுக் குத்தி, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். ரேடியேட்டர் கீழே மட்டும் திறந்துவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட்டேன் என்பது மாற்றியதாகவே ஆகாது.

ரேடியேட்டர் மூடி சின்ன சாமான், எல்லோரும் மறப்பது. 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் 100-இலேயே கொதித்துவிடும். புது மூடி போடுங்கள், வழியும் தண்ணீரைப் பிடித்துத் திரும்ப உறிஞ்சும் வகை மூடியும் ஒரு பாட்டிலும் சேர்த்து. சூடாக இருக்கும்போது திறக்கவே திறக்காதீர்கள், முக்கால் மணி நேரம் காத்திருங்கள், அந்த ஆவி முகத்தைப் பதம்பார்த்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது திறந்தபின் தண்ணீரைத் தடுப்பதாக நினைக்கிறார்கள், உண்மையில் அந்தச் சின்னத் தடைதான் பிளாக்குக்குள் அழுத்தத்தைக் காத்து, எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றித் தண்ணீர் ஆவிக் குமிழாக மாறாமல் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் வேகமாக ஓடினால் சூடு இறங்க நேரம் கிடைக்காது என்று சொல்வதும் தப்பு. 180-இல் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்று போடுங்கள், அடுப்பில் தண்ணீர் காயவைத்து அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டே போடுங்கள். கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் பம்ப் உறிஞ்சி ஹோஸ் சப்பிக்கொள்ளும்.

சில வண்டிகளுக்கு மட்டும் உரியவை: போன்டியாக்கில் வாட்டர் பம்புக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு இருக்கும், அதற்கும் பம்ப் இறக்கைக்கும் இடைவெளி அதிகமானால் தண்ணீர் உள்ளேயே சுழலும், தகட்டை மெதுவாக வளைத்து நெருக்க வேண்டும். ஃபோர்டு 289, 302-இல் ஹெட் கேஸ்கெட்டில் முன்பக்கம் எது என்று எழுத்து அடித்திருக்கும், மாற்றிப் போட்டுவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர் ஓட்டமே கெடும், எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் தீராது. செவ்ரோலெட் 400 ஸ்மால் பிளாக்கில் ஹெட்டில் ஆவித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், வேறு இஞ்சின் ஹெட்டைப் போட்டிருந்தால் இருக்காது.

டைமிங்

இதை நான் கடைசியில்தான் கண்டுபிடித்தேன், முன்னாலேயே பார்த்திருந்தால் ஒரு கோடை மிச்சமாகியிருக்கும். இந்த இஞ்சின்கள் பலவும் உயர்ந்த கம்ப்ரஷனுக்குக் கட்டியவை, அந்தக் காலத்து நல்ல பெட்ரோலை நம்பி. நம் சாதாரண பெட்ரோலில் இஞ்சினுக்குள் டக் டக்கென்று தட்டும் என்று பயந்து மெக்கானிக்குகள் டைமிங்கைப் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். தீ தாமதமாகப் பற்றினால் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் எக்ஸாஸ்ட் வாயைச் சூடாக்கிக் கூலன்ட்டில் இறங்கும். ஸ்லோவில் இது இன்னும் மோசம். டைமிங் லைட் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாயைக் கழற்றி மூடிவிட்டு ஸ்லோவில் பாருங்கள், செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்குக்கு 8-இல் இருந்து 12 டிகிரி (இது சூடு அல்ல, இஞ்சின் சுற்றும் கோணம்) முன்னால், 3000 சுற்றில் மொத்தம் 34, 36. அதன் பின் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயை மேனிஃபோல்டில் நேராக இழுக்கும் இடத்தில் கொடுங்கள், அப்போது ஸ்லோவிலேயே இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடும், இஞ்சின் சுமுகமாகவும் ஆறுதலாகவும் ஓடும். 60-களின் கடைசியில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்தபோது கம்பெனிகளே ஸ்லோ டைமிங்கைக் குறைத்தன, ஆனால் இஞ்சின் அளவுக்கு மேல் சூடானால் தானாக மேனிஃபோல்டு வாக்குவத்துக்கு மாற்றும் ஒரு சுவிட்சையும் பல வண்டிகளில் வைத்தன. அவர்களுக்கே தெரிந்த வைத்தியம்தான் இது. லோடில் தட்டினால் ஒவ்வொரு டிகிரியாகக் குறையுங்கள், ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலும் ஒரு காரணம். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இதற்கு 13.5 பங்கு அளவுதான், பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்றைக் கொடுக்கும், கலவை வறண்டுபோகும், இஞ்சின் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை ஓரிரு எண் பெரிதாக்குங்கள், பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பராக மாற்றிவிடுங்கள்.

ஊர்வலத்து அன்றைக்கு

பூ அலங்காரம் செய்பவர் வருவதற்கு முன்னால் நீங்கள் வண்டி பக்கத்தில் நில்லுங்கள். கானாடுகாத்தானில் என் வண்டி கொதித்த அன்று கிரில் முழுக்கச் சாமந்தியும் ரோஜாவுமாக வலை மாதிரிக் கட்டியிருந்தார்கள், பம்பருக்கு மேல் ஓர் இடுக்கு விடவில்லை. பார்க்க அவ்வளவு அழகு, நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன், வண்டி மூச்சுவிட வழியில்லை என்பது ஆவி வந்தபின்தான் உறைத்தது. இப்போது பானட்டின் நடுவிலும் கதவுகளிலும் மேலேயும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டச் சொல்கிறேன், கிரில்லிலும் அதற்குக் கீழேயும் ஒரு சரம் கூடக் கூடாது. போன வருஷம் அதே ஊரில், ஆவணியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏசியோடு ஊர்ந்தேன், கன்னில் 208 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகவில்லை.

ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் டிரைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள், நியூட்ரலுக்குப் போய் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு 1000 சுற்றில் வையுங்கள், ஃபேனும் பம்பும் வேகமாகும், கியர்பாக்ஸ் எண்ணெயும் சூடாகாது. ஏசி போடும்போது ஸ்லோ இறங்காமல் இருக்க கார்புரேட்டரில் ஸ்லோவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஒரு சாலினாய்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாப்பிள்ளை வண்டிக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே, வண்டியை நிழலில் நிறுத்தி, உள்ளே குளிர வைத்துவிடுங்கள், வெயிலில் கிடந்த வண்டியை ஊர்வலத்தில் குளிர்விக்கப் பார்த்தால்தான் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். மாப்பிள்ளை இறங்கட்டும், ஆரத்தி எடுக்கட்டும், நீங்கள் ஏசியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் 1000 சுற்றில் ஓடவிட்டு, அதன் பிறகு அணைத்து, பானட்டைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தேங்கிய சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து, திரும்பப் புறப்படும்போது ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும்.